4181 முதல் 4200 வரை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் கைபேசிக்கு வரிசையாக இருபது வாட்ஸ்அப் செய்திகள் வந்தன. இருபதிலும் ஒரே வாசகம். ‘அன்புள்ள ஜெபமணி, உங்கள் குழந்தைக்கு ஐந்து வயது நிறைவடைகிறது. தடுப்பூசி போட அழைத்து வாருங்கள்.’ கீழே கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் படம். எனக்கு வயது அறுபது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஐந்து வயது நிறைவது எந்தத் தாய்க்கும் லேசில் வாய்க்கிற காரியமல்ல.

மதியம் பிரவீன் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். கெட்டிக்காரன், கொஞ்சம் பயந்தவன். அந்த வேலைக்கு இரண்டும் வேண்டும்.

“மேடம், ஒரு சந்தேகம். பழைய பிறப்புப் பதிவை எல்லாம் புது சாஃப்ட்வேருக்கு மாத்திட்டோம். அதுல 4181லேருந்து 4200 வரைக்கும் இருபது குழந்தைங்க இருக்கு. எல்லாருக்கும் எடை ரெண்டரைக் கிலோ. எல்லாருக்கும் அம்மா பேரு வந்து…”

“ஜெபமணி.”

“ஆமாங்க மேடம்.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “யாராவது தப்பா பதிஞ்சிட்டாங்களா?”

“இல்லப்பா. என் பிள்ளைங்கதான்.”

அவன் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, டெலிட் செய்துவிடலாமா என்று கேட்டான். ஒரு வாரம் பொறு என்றேன். அப்படியானால் நடந்ததை எழுதியாவது கொடுங்கள், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றான். உதவுமா என்பது எனக்குத் தெரியாது. நான் பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், வயலுக்கு நடுவே நிற்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அங்கே வந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் பட்டதாரி ஆக்கினார்கள். ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பதினெட்டு வருடம் தூசி தட்டினேன். பிறகு தஞ்சாவூரில் சனிக்கிழமை தோறும் கம்ப்யூட்டர் வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் என் வயதில் பாதி. ஆஸ்பத்திரியில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் நான் என்பதால் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனேன். பிரிவு என்றால் நான்தான். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது நிர்வாகி தேவசகாயம் சாரைப் பற்றி. வருவாய்த்துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். கிராமக் கணக்குகளை எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை மேஜைமேல் அடுக்கி வரி வரியாகச் சரிபார்ப்பார்களே, ஜமாபந்தி, அதிலேயே முப்பது வருடம் ஊறியவர். ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் மாதமே எங்களுக்கும் ஜமாபந்தி வைத்தார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பிறப்புப் பதிவேடு அவர் மேஜைக்குப் போக வேண்டும்.

அவர் பார்க்கிற விதமே தனி. மர ஸ்கேல் ஒன்று வைத்திருப்பார். அதை ஒரு வரிக்குக் கீழே வைப்பார், வாய்க்குள் எண்ணைச் சொல்வார், நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்குவார். கம்ப்யூட்டர் வந்தபிறகும் அச்செடுத்துக் கொடுத்தால்தான் பார்ப்பார். திரையில் ஸ்கேல் நிற்காது என்பார். யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. தப்பு அகப்பட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி மேஜைமேல் படும் சத்தத்துக்கு டாக்டர்களே பயப்படுவார்கள்.

அவருடைய வேதம் ஒரே வரி. “நம்பர் விட்டுப்போச்சுன்னா ஆளு விட்டுப்போச்சு.”

பிறப்புப் பதிவேட்டை நான் முதலில் இணையச் செயலியாக எழுதியபோது, காகிதத்தில் பதினெட்டு வருடம் செய்த வேலையையே கம்ப்யூட்டரையும் செய்ய வைத்தேன். கடைசி எண் என்ன என்று பார், ஒன்றைக் கூட்டு, எழுது. இதில் என்ன தப்பு வரும் என்று நினைத்தேன். காகிதத்தில் ஒரு பதிவேடு, ஒரு பேனா. கம்ப்யூட்டரில் பேனா இரண்டு, ஒன்று பிரசவ வார்டில், இன்னொன்று ஆபரேஷன் தியேட்டரில். இது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் பகல் பதினொன்றரைக்கு வார்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தியேட்டரில் ஓர் ஆண் குழந்தை. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ‘சேமி’ பொத்தானை அழுத்தினார்கள். இரண்டு கம்ப்யூட்டரும் கடைசி எண் 2211 என்று பார்த்தன. இரண்டும் ஒன்றைக் கூட்டின. இரண்டு குழந்தைக்கும் 2212.

நான் பதறிக்கொண்டு ஓடினேன். தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

“இதுக்கா இந்த ஓட்டம்? ஒண்ணு 2212ன்னு இருக்கட்டும். இன்னொண்ணுக்கு 2212/A போடு. புல எண்ணு எல்லாம் அப்படித்தானேம்மா ஓடுது? அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா 2A, 2B. தஞ்சாவூர் ஜில்லாவே அதுலதான் நிக்குது.”

போட்டேன். வயலுக்குச் சரிதான். எங்கள் ஆஸ்பத்திரியில் A என்றால் இரட்டைப் பிள்ளையில் இரண்டாவது என்று அர்த்தம். அந்த விதியை எழுதியதும் நான்தான். மூன்றாம் நாள் பாபநாசத்து பஸ் டிரைவர் ஒருவர் டிஸ்சார்ஜ் சீட்டோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார். சீட்டில் ‘இரட்டையர், முதல் குழந்தை’ என்று அச்சாகியிருந்தது.

“ஒண்ணுதாங்க கையில குடுத்தாங்க. இன்னொண்ணு எங்கங்க?”

நாங்கள் என்ன சொன்னாலும் அவர் அதே கேள்வியையே கேட்டார். கடைசியில் தேவசகாயம் சார் அவரைக் கூட்டிக்கொண்டு போய், தியேட்டரில் பிறந்த ஆண் குழந்தையையும் அதன் அம்மாவையும் நேரில் காட்டினார். டிரைவர் குழந்தையை உற்றுப் பார்த்தார். “ஜாடை இல்லதான்” என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகுதான் சீக்வென்ஸ் என்பதைப் படித்தேன். தரவுத்தளத்துக்குள் உட்கார்ந்து எண் கொடுப்பது ஒன்றையே வேலையாக வைத்திருக்கும் சாதனம். நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கிழித்துக் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் கையை நீட்டினாலும் ஆளுக்கொரு டோக்கன், ஒரே எண்ணை இரண்டு பேருக்குத் தரமாட்டார். ஆனால் ஒன்று, கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் மாட்டார். டோக்கன் வாங்கியவர் நெல்லைப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த எண் அதோடு சரி, அடுத்தவருக்கு அடுத்த எண்தான்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வேகத்துக்காக முன்கூட்டியே கொஞ்சம் டோக்கன்களைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். கடையை ஒழுங்காகச் சாத்தினால் மிச்சத்தைத் திருப்பி வைத்துவிடுவார். திடீரென்று மின்சாரம் போய் சர்வர் அணைந்தால் பையில் இருந்தது அத்தனையும் போனதுதான். எத்தனை கிழித்து வைக்கலாம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் இருபது என்று சொன்னேன். எங்களிடம் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பிரசவம். அதற்கு இருபது இருபதாகக் கிழித்து வைக்க ஒரு அவசரமும் இல்லை. நான் படித்த பாடத்தில் இருபது என்று இருந்தது, அதையே எழுதினேன். இதைவிட நல்ல காரணம் எனக்கு இன்றைக்கும் கிடைக்கவில்லை.

தேவசகாயம் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நம்பர் ரெட்டிக்காதுங்கற.”

“ரெட்டிக்காது சார்.”

“விட்டும் போகாதே?”

அந்தப் பாடத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. எண்கள் இடையில் விடுபடலாம், அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம். படித்திருந்தேன். சொன்னால் இவர் கம்ப்யூட்டரையே மூட்டை கட்டிவிட்டு என்னைத் திரும்ப ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவார் என்பதும் தெரியும்.

“போகாது சார்” என்றேன்.

அதன்பிறகு வெகுநாள் விட்டுப்போகவும் இல்லை. யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருந்தது, என் வாக்கும் அதன் தயவில் நன்றாக இருந்தது.

இனி செல்வி. பிரசவ வார்டின் பொறுப்பு நர்ஸ். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி, என்னைவிடப் பதினாறு வயது இளையவள். அவள் நர்ஸிங் முடித்ததும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். அக்கா, அக்கா என்று சுற்றி வருவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ராகம் தப்பிப் பாடுவாள், அதையும் என் காதருகிலேயே பாடுவாள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், இரண்டு மணி சுமாருக்கு, செல்வி ஒரு பெண் குழந்தையைப் பதிவு செய்து ‘சேமி’ அழுத்தினாள். மின்சாரம் போயிற்று. யூபிஎஸ் ஒரு முறை கூவிவிட்டு அதுவும் அணைந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக அதே குழந்தையை மறுபடி பதிந்தாள். எண் 4201 என்று விழுந்தது. வார்டில் நாலு பேர் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது எண்ணை யார் பார்க்கப்போகிறார்கள்?

மாதம் பிறந்தது. முதல் தேதி வியாழக்கிழமை. பத்தரை மணிக்கு என்னை நிர்வாகியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே செல்வி நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி மேஜைமேல் இருந்தது. ஸ்கேல் 4180க்குக் கீழே நின்றது. அதற்கு அடுத்த வரி 4201.

“நடுவுல இருபது இல்ல” என்றார் சார். “முன்னாடி உள்ளதும் இந்தப் பொண்ணு போட்டது. பின்னாடி உள்ளதும் இந்தப் பொண்ணு போட்டது.”

“எனக்குத் தெரியாது சார். நம்பரை கம்ப்யூட்டர்தான் போடுது” என்றாள் செல்வி.

“அதான் ஜெபமணியையும் கூப்ட்டேன். ஏம்மா, கம்ப்யூட்டர் நம்பர் விடாதுன்னு நீ சொன்னல்ல?”

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிம்மதியாகத்தான் பார்த்தாள். அக்கா வந்தாயிற்று என்ற பார்வை.

“பாத்துட்டுச் சொல்றேன் சார்” என்றேன்.

கீழே என் அறைக்குப் போய்ப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சர்வர் அணைந்த நேரம் குறிப்பில் இருந்தது. செல்வி பாதியில் விட்ட பதிவு 4181ஐ எடுத்திருந்தது. சட்டைப்பையில் மிச்சம் பத்தொன்பது. பாதியில் போனது ஒன்று, பையோடு போனது பத்தொன்பது, ஆக இருபது. எல்லாம் துல்லியமாகச் சரியாக இருந்தது. சரியில்லாதது நான் சொன்ன ‘போகாது சார்’ ஒன்றுதான்.

அன்றைக்கே மேலே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன வழி? என் வாக்கும் பொய்யாகாமல் அவளும் தப்பிக்கிற ஒரு வழி. வெள்ளிக்கிழமை முழுக்கத் தேடினேன். சனிக்கிழமையும் தேடினேன். அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு நாளா ஆகும்?

வியாழக்கிழமை மாலையே செல்வி கையில் ஒரு மெமோ கொடுத்திருந்தார்கள். ‘மேற்படி இருபது எண்களுக்குரிய குழந்தைகள் குறித்து எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும். விளக்கம் ஏற்கப்படும்வரை பணிக்கு வர வேண்டியதில்லை.’ எங்கேயோ வெளியூரில் பச்சைக் குழந்தைகளை விற்றார்கள் என்று பேப்பரில் செய்தி வந்திருந்த சமயம். மெமோவை அடித்தவர் கேன்டீனில் சொல்ல, கேன்டீன் ஊருக்குச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை அவளை ‘எண் விட்ட நர்ஸ்’ என்றார்கள். சனிக்கிழமை ‘பிள்ளை விற்ற நர்ஸ்’ ஆகிவிட்டாள். இருபது குழந்தையைத் தொலைத்தவள் என்று பெயர் வந்துவிட்டால் அதன்பிறகு எந்த வார்டில் அவளை நிற்க விடுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வந்தாள். எப்போதும் நாங்கள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒருவரும் உட்காரவில்லை. நான் உள்ளே வரும்போது பாட்டு ஆரம்பித்திருந்தது. அவள் என்னைப் பார்த்து, உட்கார இடம் விட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் பாடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட நாசூக்காக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு, தேவசகாயம் சார் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, போய் நின்று சொன்னேன். டோக்கன், சட்டைப்பை, மின்சாரம், நான் போட்ட இருபது, படித்துவிட்டுச் சொல்லாமல் விட்ட வரி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார், மறுபடி கழற்றினார். அதற்கு முன் அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

“அப்ப அந்த இருபது புள்ளைங்க எங்கம்மா?”

“பொறக்கலை சார்.”

“பொறக்காத புள்ளைக்கு எதுக்கும்மா நம்பர்?”

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, இரண்டு பதிவின் நேரத்தையும் காட்டினேன்.

“சார், 4180க்கும் 4201க்கும் நடுவுல ஒண்ணரை மணி நேரம்தான். நம்மகிட்ட இருக்கறது நாலு டேபிள். ஒண்ணரை மணி நேரத்துல இருபது பிரசவம் எப்படி சார் நடக்கும்?”

அவர் ஸ்கேலால் மேஜையை மெல்லத் தட்டிக்கொண்டு யோசித்தார். நியாயமான மனிதர், நன்றாகத்தான் யோசித்தார்.

“நடக்காதுதாம்மா” என்றார். “ஆனா நம்பர் இருக்கே.”

நாலு நாளாக ஆஸ்பத்திரி முழுக்க இருந்த நிலைமை இதுதான். பதினோரு டாக்டர்கள், முப்பது நர்ஸுகள், எல்லாருக்கும் பிரசவம் என்றால் என்னவென்று தெரியும். அந்த வார்டில் ஒரு மத்தியானத்தில் இருபது குழந்தை பிறக்க முடியாது என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. எண் தாண்டியிருக்கிறது, ஆகவே குழந்தை பிறந்துதான் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் குறிப்பை அச்செடுத்துக் காட்டினேன். ஒதுக்கி வைத்தார். “களவு போனதுக்குக் களவாணியையே சாட்சிக்குக் கூப்பிடறியே” என்றார். கையால் தொட்டு எண்ணக்கூடியதாக ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

அப்போதுதான் கிளிப் ஞாபகம் வந்தது. குழந்தையின் தொப்புள்கொடியில் போடும் சின்ன பிளாஸ்டிக் கிளிப். குழந்தைக்கு ஒன்று, கூடுதலும் இல்லை குறைவும் இல்லை. ஸ்டோரிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். எத்தனை வந்தது என்பது ஸ்டோர் நோட்டில் இருக்கும். கையிருப்பு, வார்டு ஆயா பாக்கியத்தின் பூட்டிய அலமாரியில் இருக்கும். பதிவேட்டில் உள்ளதைவிட இருபது குழந்தை கூடுதலாகப் பிறந்திருந்தால் இருபது கிளிப் குறைந்திருக்க வேண்டும்.

நிர்வாகியே வார்டுக்கு வந்தார். பதின்மூன்று வருடத்தில் பிரசவ வார்டுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஸ்கேலோடு வந்தார். பாக்கியம் பெட்டிகளைக் கொட்டினாள். பத்துப் பத்தாக அவரே அடுக்கி, அடுக்குக்கு ஒரு புள்ளி வைத்தார். உள்ளே ஒரு பெண் வலியில் அவள் புருஷனின் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தாள். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

இருபது குறையவில்லை. ஆனால் ஒன்று குறைந்தது.

கண்ணாடி கழன்றது. இருபது பிள்ளையை மீட்டுவிட்டு ஒரு பிள்ளையிடம் மாட்டிக்கொள்வோம் போலிருந்தது.

“பாக்கியம், ஒண்ணு எங்க?”

பாக்கியம் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அலமாரியின் மேல்தட்டிலிருந்து காபித்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள். வாய் மடித்து, தொப்புள் கிளிப் போட்டிருந்தது.

“எறும்பு வருதுங்க” என்றாள்.

சார் கிளிப்பைக் கழற்றிப் பார்த்தார், திரும்ப மாட்டினார், பென்சிலால் கடைசிப் புள்ளியை வைத்தார். அங்கேயே நின்றபடி மெமோவின் பின்புறத்தில் ‘விசாரித்தேன். குழந்தைகள் எவரும் விடுபடவில்லை. மேல்நடவடிக்கை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வருத்தம் என்று ஒரு சொல் அதில் இல்லை. அவர் பார்த்த கணக்குகளில் அதற்கு ஒரு பத்தியே கிடையாது.

எனக்குத் தண்டனை உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பதிவேட்டில் இருபது எண்ணைக் காலியாக விடக் கூடாது என்றார்.

“காலி விட்டா நாளைக்கு எவனாவது அதுல ஆளச் சொருகுவான். தாலுகா ஆபீசுல நிறையப் பாத்திருக்கேன். ரத்துன்னு எழுதி நிரப்பிடு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நிரப்ப உட்கார்ந்தபோது நான் எழுதிய செயலியே என்னை விடவில்லை. பெயர் என்ற இடத்தில் ‘பிறக்கவில்லை’ என்று போட்டேன், வாங்கிக்கொண்டது. எடை பூஜ்யம் என்றால் மறுத்தது. நர்ஸுகள் கவனக்குறைவாக இருக்கக் கூடாது என்று நான் வைத்த காவல் அது. இரண்டரைக் கிலோ போட்டேன். ஆணா பெண்ணா என்று கேட்டது. பத்து ஆண், பத்து பெண், யாருக்கும் குறை வேண்டாம். தாயின் பெயர் கட்டாயம் என்றது. மேலே போய்க் கேட்டேன்.

“பொறுப்பு யாரோ அவங்க பேரு” என்றார் தேவசகாயம் சார். சிரிக்கவே இல்லை.

தாயின் பெயர் ஜெபமணி. தொலைபேசி எண்ணும் கட்டாயம், என்னுடையது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இருபது பிள்ளை பெற்றேன். அன்றைக்கே கிழித்து வைக்கும் டோக்கனை ஒன்று என்று மாற்றினேன். அப்போதும் பாதியில் நிற்கும் பதிவு ஓர் எண்ணைத் தின்னத்தான் செய்யும். அதையும் அவரிடம் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கி வைத்தேன். பிரவீனுக்கு என் பாடம் இவ்வளவுதான். எண் இரட்டிக்காமல் இருக்க சீக்வென்ஸ் வைத்துக்கொள், ஆனால் அது விடாது என்று யாரிடமும் சத்தியம் செய்யாதே. குழந்தைகள் எத்தனை என்று தெரிய வேண்டுமானால் குழந்தைகளை எண்ணு.

மெமோ முடிந்த அன்று மாலை செல்வி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை.

“வியாழக்கிழமையே.”

“ஞாயித்துக்கிழமை கோயில்ல என்னைப் பாத்தீங்கள்ல?”

“பாத்தேன்.”

காபி போட்டுக் கொடுத்தாள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். மறுநாள் வேலைக்கு வந்தாள். வார்டில் ஒரு மாமியார், ‘அந்த நர்ஸ் வேண்டாங்க, வேற யாராவது இருந்தா அனுப்புங்க’ என்று கேட்டாராம். மாதம் முடியும்போது ராஜினாமா கொடுத்துவிட்டு பேராவூரணிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவேன், பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வரும். ஐந்து கிறிஸ்துமஸ் அப்படியே போயிற்று.

இப்போது வந்திருக்கும் புது சாஃப்ட்வேரில் இந்தத் தொல்லையே கிடையாது என்கிறான் பிரவீன். ஒவ்வொரு குழந்தைக்கும் எண்ணும் எழுத்தும் கலந்து முப்பத்தாறு இலக்கத்தில் ஓர் அடையாளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இல்லை. எது விட்டுப்போனது என்று தேவசகாயம் சார் ஸ்கேலை வைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை நிஜமாகவே தொலைந்தாலும் எண்ணைப் பார்த்து ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இதை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

கேட்ட ஒரு வாரம் முடிந்துவிட்டது. நேற்று பிரவீன் மறுபடி கூப்பிட்டான். “டெலிட் பண்ணிடவா மேடம்?” பண்ணிடு என்றேன். பண்ணுவதற்கு முன்னால் அந்தத் தடுப்பூசிச் செய்தி ஒன்றை எடுத்து செல்வி எண்ணுக்கு அனுப்பினேன். கூடவே, ‘4181 முதல் 4200 வரை. அம்மா நான்தான்’ என்று எழுதினேன். ஐந்து வருடம் கழித்துக் கேட்கிற மன்னிப்பை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நீலக் கோடு வந்தது. வழக்கம்போல அவ்வளவுதான் என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாதம் வடிக்கப் போனேன். வந்து பார்த்தபோது பதில் இருந்தது.

‘இருபதையும் கூட்டிட்டு வாங்கக்கா. நானே ஊசி போடுறேன். நல்லா வலிக்கும்.’